பெயரைச் சொன்னால் போதும்

பைத்தானில் எழுதிய ஏதோ ஒரு லைப்ரரியின் ஆவணத்தைப் படித்துக்கொண்டு போகிறோம். இந்த ஃபங்ஷன் ஒரு டேட்டைம் தரும் என்று ஒரு வரி. டேட்டைம் என்ற சொல் மட்டும் நீலத்தில் இருக்கிறது. சொடுக்கினால் வேறு தளம் திறக்கிறது: பைத்தானின் சொந்த ஆவணம். அதிலும் நீண்ட பக்கத்தின் நடுவே, அந்த கிளாஸை விவரிக்கிற இடத்திலேயே போய் நிற்கிறது. லைப்ரரியை எழுதியவர் இந்த முகவரியை எங்கும் தட்டச்சு செய்யவில்லை. பெயரை மட்டும் எழுதினார். மீதியை ஒரு சின்னக் கோப்பு பார்த்துக்கொண்டது.

கோப்பின் பெயர் ஆப்ஜெக்ட்ஸ்.இன்வ். ஸ்பிங்க்ஸ் என்ற கருவி ஓர் ஆவணத் தளத்தைக் கட்டும்போதெல்லாம் பக்கங்களோடு சேர்த்து இதையும் எழுதி வைக்கிறது. தளத்தில் என்னென்ன பெயர்கள் உண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல். இன்னொரு திட்டம் தன் ஆவணத்தைக் கட்டும்போது இந்தப் பட்டியலை இறக்கிக்கொண்டு, தனக்குத் தெரியாத பெயர் வரும் இடத்தில் எல்லாம் இதில் தேடிப் பார்க்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு இன்டர்ஸ்பிங்க்ஸ் என்று பெயர். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: பைத்தான் என்றால் இந்தத் தளம், நம்பை என்றால் இந்தத் தளம். அவ்வளவுதான்.

*

பட்டியலின் உள்ளே எட்டிப் பார்த்தால் ரசிக்க நிறைய உண்டு. முதல் நான்கு வரிகள் மனிதர் படிக்கும்படி இருக்கும். இது ஸ்பிங்க்ஸ் பட்டியல், இரண்டாம் வடிவம், திட்டத்தின் பெயர் இது, பதிப்பு இது, இதற்குக் கீழே இருப்பதெல்லாம் இசட்-லிப் முறையில் சுருக்கப்பட்டது. சுருக்கத்தை அவிழ்த்தால் வரிக்கு ஒரு பெயர். பெயருக்குப் பின் அது என்ன வகை (கிளாஸா, மெத்தடா, வெறும் தலைப்பா), தேடலில் அதற்கு என்ன முன்னுரிமை, முகவரி, காட்ட வேண்டிய பெயர்.

முகவரியின் கடைசிப் பகுதி பெரும்பாலும் அந்தப் பெயரேதான் என்பதால் அதைத் திரும்ப எழுதாமல் ஒரு டாலர் குறியோடு விட்டுவிடுகிறார்கள். காட்ட வேண்டிய பெயரும் அதுவே என்றால் ஒரு சிறு கோடு. ஆயிரக்கணக்கான வரிகளில் இந்தச் சிக்கனம் தெரியும். வேண்டிய அளவுக்கு மட்டும் வடிவமைத்தவர்களின் கைவேலை இது. இன்று யாராவது இதை முதலிலிருந்து செய்தால் ஜேசானும் ஸ்கீமாவும் ஒரு குழுவும் வந்திருக்கும்.

*

ஸ்பிங்க்ஸ் பிறந்தது பைத்தான் ஆவணங்களுக்காக. அதுவரை அவை லேட்டெக்கில் இருந்தன. கேயார்க் பிராண்டில் எழுதிய இந்தக் கருவி 2008-இல் வெளிவந்தது. பிறகு பைத்தானுக்கு வெளியே இருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு 0.5 பதிப்பிலேயே இன்டர்ஸ்பிங்க்ஸ் வந்துவிட்டது. கருவி நடக்கத் தொடங்கிய உடனேயே பக்கத்துத் தளத்துக்கு எப்படிப் போவது என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

கேள்வி அதைவிடப் பழையது. 1971 நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொகுத்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பிலேயே ஒவ்வொரு பக்கத்திலும் ‘சீ ஆல்ஸோ’ என்ற பகுதி இருந்தது. இதையும் பார்க்க என்று பக்கத்துக் கட்டளைகளின் பெயர்கள். பக்க எண் கிடையாது. பெயர்தான்; இன்றைய பக்கங்களில் அதன் பின் அடைப்புக்குள் ஓர் எண்ணும் இருக்கும்: எத்தனையாவது பிரிவு என்று. பிரின்ட்எஃப் 1 என்றால் ஷெல்லில் அடிக்கும் கட்டளை; பிரின்ட்எஃப் 3 என்றால் சி மொழியின் ஃபங்ஷன். தாளில் இருந்த இந்தக் குறிப்பு திரைக்கு வந்து, வலைக்கு வந்து, இன்னமும் செல்லுபடியாகிறது. அதில் முகவரி இல்லை. அதனால்தான் தப்பித்தது என்று நினைக்கிறேன்.

*

ஜாவா உலகில் இதே வேலையை ஜாவாடாக் செய்கிறது. லிங்க் என்ற விருப்பத்தைக் கொடுத்துப் பக்கத்துத் தளத்தின் முகவரியைச் சொன்னால், அங்கே பேக்கேஜ்-லிஸ்ட் என்ற சிறு கோப்பைத் தேடி எடுக்கும். பத்தாம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பின் பெயர் எலிமென்ட்-லிஸ்ட். ஆனால் அதில் பேக்கேஜ்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும், மாட்யூல் இருந்தால் அதுவும். ஒரு மெத்தடின் முகவரி என்ன என்பதை வழக்கத்தை வைத்துக் கருவி தானே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வழக்கம் மாறினால்? மாறியது. ஜாவா 7 வரை ஒரு மெத்தடின் ஆங்கரில், அதாவது பக்கத்துக்குள் அதன் இடத்தைச் சுட்டும் பெயரில், அடைப்புக்குறி இருந்தது. எழுத்தை எடுத்துத் தரும் சார்-அட் என்ற மெத்தட் என்றால், அடைப்புக்குறிக்குள் இன்ட். 2014-இல் வந்த ஜாவா 8-இல் அடைப்புக்குறிகள் போய் அந்த இடங்களில் சிறு கோடுகள் வந்தன. பழைய எச்டிஎம்எல் விதிப்படி ஆங்கர் பெயரில் அடைப்புக்குறி கூடாது. விதியை மதித்துத் திருத்தினார்கள். பிறகு எச்டிஎம்எல் 5 அந்த விதியைத் தளர்த்தியது. 2018-இல் ஜாவா 10-இல் அடைப்புக்குறிகள் திரும்பி வந்தன. கையால் ஒட்டிய இணைப்புகளின் கதி என்ன? பக்கம் திறக்கும், ஆனால் உச்சியில் நிற்கும். எங்கே போக வேண்டும் என்று படிப்பவர்தான் கீழே உருட்டித் தேட வேண்டும்.

இதில் யாரும் அலட்சியமாக இல்லை. இரண்டு முறையும் சரியான காரணத்துக்காகவே மாற்றினார்கள். இரண்டு முறையும் ஊர்ப்பட்ட இணைப்புகள் உடைந்தன.

*

செத்த இணைப்பு என்றால் 404 என்றே நினைக்கிறோம். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் எழுதியது. மென்பொருள் ஆவணங்களில் வேறு வகைச் சாவு அதிகம். பக்கம் உயிரோடு இருக்கும்; செர்வர் 200 என்று நல்ல பதில் சொல்லும்; நாம் சுட்டிய பத்தி மட்டும் அங்கே இராது. உலாவி வாய் திறக்காமல் பக்கத்தின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்தும். இல்லாத ஆங்கரை நோக்கி வந்தீர்கள் என்று சொல்ல அதற்கு எந்தக் கடமையும் இல்லை.

ஸ்பிங்க்ஸில் லிங்க்செக் என்று ஒரு வேலையாள் உண்டு. வெளி இணைப்பு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, ஆங்கர் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்க்கும். மெதுவானது, சில தளங்கள் அதை ரோபோ என்று விரட்டும், ஆனாலும் வெளியீட்டுக்கு முன் ஒரு தடவை ஓட்டுவது நல்லது.

*

தமிழில் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஸ்பிங்க்ஸின் அடியில் இருக்கும் டாக்யூட்டில்ஸ், ஒரு தலைப்பிலிருந்து ஆங்கர் செய்யும்போது ஆஸ்கி அல்லாத எழுத்துகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிடும். ஆங்கிலத் தலைப்பு என்றால் அதன் சொற்களே ஆங்கர். ‘நிறுவும் முறை’ என்று தமிழில் தலைப்பு வைத்தால் கழற்றிய பிறகு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததால் ஐடி1 என்று பெயர் சூட்டும். அடுத்த தலைப்பு ஐடி2. அதற்கடுத்து ஐடி3.

இப்போது முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் நடுவே புதிதாக ஒரு பகுதி சேர்த்தால்? அதற்குப் பின் வரும் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் போகும். ஐடி2 என்று வெளியிலிருந்து வந்த இணைப்பு உடையாது. அது வேறு பகுதிக்குப் போகும். உடைந்தாலாவது லிங்க்செக் பிடிக்கும்; இதை எந்தக் கருவியும் பிடிக்காது, ஏனென்றால் ஆங்கர் அங்கே இருக்கிறது.

தீர்வு எளிது. ஒவ்வொரு முக்கியத் தலைப்புக்கு மேலும் ஆங்கில எழுத்தில் ஒரு லேபிள் கைப்பட எழுதி வைக்க வேண்டும். லேபிள் பட்டியலில் ஏறிவிடும். தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் லேபிள் அசையாது. தமிழ் ஆவணத்துக்கு ஆங்கில லேபிளா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கிட்ஹப்பைப் பார்க்கலாம். அங்கே தமிழ்த் தலைப்பு தமிழிலேயே ஆங்கராகிறது. ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து ஓர் அஞ்சலில் ஒட்டிப் பாருங்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ‘ஆவணம்’ என்ற ஒரே சொல் 45 எழுத்து நீளத்தில் வந்து விழும். மொழிப்பற்று வேறு, இது வேறு.

*

பெயர் போதும் என்றேன். எந்தப் பெயர் என்பதுதான் தொல்லை.

பாண்டாஸ் லைப்ரரியில் டேட்டாஃபிரேம் என்று ஒரு கிளாஸ். உலகம் முழுக்க அதை பாண்டாஸ்.டேட்டாஃபிரேம் என்றே கூப்பிடுகிறது. பாண்டாஸின் ஆவணமும் அப்படியே. ஆனால் அந்த கிளாஸ் எழுதப்பட்டிருக்கும் கோப்பு உள்ளே ஆழத்தில், கோர் என்ற பிரிவுக்குள் ஃபிரேம் என்ற கோப்பில். நம் நிரலில் இருக்கும் டைப் குறிப்பை ஸ்பிங்க்ஸ் தானாகப் படிக்கும்போது பைத்தானிடம் இது எங்கே இருக்கிறது என்று கேட்கும். பைத்தான் நெடுங்காலம் உள்முகவரியையே சொல்லி வந்தது: பாண்டாஸ்.கோர்.ஃபிரேம்.டேட்டாஃபிரேம். அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. இணைப்பு விழாது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று இருப்பவரைத் தபால்காரர் தேடிய கதைதான். நம்பை இதை முன்பே யோசித்து, தன் பொருள்கள் எல்லாம் வெளியே வழங்கும் பெயரையே சொல்லும்படி செய்து வைத்திருக்கிறது.

பைத்தானுக்கே இது நடந்தது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் பாத்லிப் என்ற ஒற்றைக் கோப்பை ஒரு தொகுப்பாகப் பிரித்தார்கள். உள்வேலைக்காகச் செய்த ஒழுங்கு. பயன்படுத்துகிறவர் வழக்கம்போல எழுதலாம், எதுவும் மாறாது. ஆனால் பாத் என்ற கிளாஸிடம் நீ எங்கிருக்கிறாய் என்று கேட்டால், அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு தனிப்பட்ட உள்ளறையின் பெயரைச் சொல்லத் தொடங்கியது. அடிக்கோடு என்றால் வெளியாட்கள் வராதீர்கள் என்று பொருள். கோப்பு வழியைக் கையாளும் எந்த லைப்ரரியிலும் பாத் இருக்கும். அவற்றின் ஆவணங்களில் எல்லாம் இணைப்பு விழாமல் போனது. ஸ்பிங்க்ஸ் இதற்கென்றே ஒரு விதிவிலக்கை எழுதிச் சேர்த்துக்கொண்டது, 3.14-இல் பைத்தான் அதைச் சரிசெய்துவிட்டது. இணையத்தில் ஒரு முகவரியும் மாறவில்லை, ஒரு பக்கமும் நகரவில்லை, ஒரு பொருள் தன் பெயரைச் சொன்ன விதம் மட்டும் மாறியது.

*

பெயர் மோதினாலும் கஷ்டம். ‘இன்ஸ்டாலேஷன்’ என்ற பக்கம் எல்லாத் திட்டத்திலும் இருக்கும். நம் ஆவணத்தில் அந்தப் பெயருள்ள பக்கத்தை நீக்கிவிட்டு, அதைச் சுட்டிய ஓர் இணைப்பை மறந்து விட்டால், முன்பெல்லாம் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்காது. மற்ற திட்டங்களின் பட்டியலில் அதே பெயரில் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கே அனுப்பிவிடும். நம் லைப்ரரியை நிறுவ வந்தவர் வேறொருவருடைய லைப்ரரியை நிறுவும் முறையைப் படித்துக்கொண்டிருப்பார். 2022-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் பக்கப் பெயர்களை இப்படி வெளியே தேடக் கூடாது என்பது இயல்பான அமைப்பானது. அதற்குச் சற்று முன், 4.4-இல், எக்ஸ்டர்னல் என்று வெளிப்படையாகச் சொல்லி எந்தத் திட்டத்தின் பெயர் என்று குறிக்கும் வசதியும் வந்தது. அதையே எழுதிப் பழகுவது நல்லது. கூடுதலாகச் சில எழுத்துகள், அவ்வளவே. படிப்பவருக்கும், ஆறு மாதம் கழித்துத் திருத்துகிறவருக்கும் எது நம் வீடு, எது அடுத்த வீடு என்று தெரியும்.

*

எந்தப் பதிப்பைச் சுட்டுவது? இதற்கு நல்ல விடை கிடையாது.

‘ஸ்டேபிள்’ என்று சுட்டினால் இணைப்பு என்றும் புதிதாக இருக்கும். ஆனால் நாம் எழுதியபோது இருந்த ஃபங்ஷன் நாளை நீக்கப்படலாம். 3.8 என்று எண்ணோடு சுட்டினால் சொன்னது சொன்னபடி இருக்கும். ஆனால் ஐந்தாண்டு கழித்து வருகிறவரை, ஆதரவு முடிந்துபோன பழைய ஆவணத்துக்கு அனுப்புகிறோம். நம் லைப்ரரியின் ஒவ்வொரு பதிப்பும் அது எதனோடு சேர்ந்து ஓடுமோ அந்தப் பதிப்பைச் சுட்டுவதே நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. செய்கிறவர்கள் குறைவு. நானும் பெரும்பாலும் ஸ்டேபிள்தான் போடுகிறேன்.

பைத்தான்காரர்கள் இதை ஒருமுறை பெரிய அளவில் எதிர்கொண்டார்கள். எண் இல்லாத முகவரி எல்லாம் பைத்தான் 2-ஐக் காட்டிய காலம் போய், முகப்பில் 3-ஐக் காட்ட வேண்டிய நேரம் வந்தது. முகப்பை மாற்றுவது எளிது. ஆண்டுக்கணக்காக உலகம் ஆழமான பக்கங்களை நோக்கிப் போட்டு வைத்த இணைப்புகள்? அவற்றைப் போட்டவர்கள் பைத்தான் 2-ஐ மனத்தில் வைத்துப் போட்டவர்கள். பெப் 430 என்ற முன்மொழிவு இதற்காகவே எழுதப்பட்டது: முகப்பில் 3 வரட்டும், பழைய ஆழமான இணைப்புகளின் பொருள் மாறாமல் காப்பாற்றப்படட்டும். முகவரி எங்கே போகிறது என்பதைவிட, அதை எழுதியவர் எதைச் சொன்னார் என்பதை மதித்த ஆவணம். நிர்வாக எழுத்தில் இப்படிப்பட்ட கண்ணியத்தை அடிக்கடி பார்க்க முடியாது.

*

டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். முகவரிகளை மாற்றாதீர்கள், மாறாதபடி தொடக்கத்திலேயே யோசித்து வையுங்கள் என்பது சாரம். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அது ஒழுக்கத்தை நம்புகிறது. ஆவணத் தளங்களுக்குச் சொந்தக்காரர் மாறுவார், கருவி மாறும், இலவச இடம் தந்தவர் டொமைனை மாற்றுவார். ஆவணங்களுக்கு இலவச இடம் தரும் ரீட் த டாக்ஸ் 2016-இல் தன்னிடம் இருந்த திட்டங்களின் ஆவணங்களை ஓஆர்ஜி முகவரியிலிருந்து ஐஓ முகவரிக்கு நகர்த்தியது. நம்பையின் ஆவணம் சைபையின் தளத்திலிருந்து சொந்தத் தளத்துக்குக் குடிபோனது. இப்படிக் குடிபெயர்கிறவர்கள் பழைய வாசலில் ரீடைரக்ட் வைக்கிறார்கள். அந்த மரியாதையில் பாதி இணையம் ஓடுகிறது. பட்டியல் முறைக்கு அந்த ஒழுக்கம்கூடக் கட்டாயமில்லை. மாறும் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. அடுத்த முறை கட்டும்போது புதுப் பட்டியல், புது முகவரி.

அடுத்த முறை கட்டும்போது. அங்கேதான் ஓட்டை. இணைப்பு விழுவது ஆவணத்தைக் கட்டும் கணத்தில். அதன்பின் அது சாதாரண முகவரி, பக்கத்தில் பதிந்துபோனது. உயிரோடு இருக்கும் திட்டத்தின் இணைப்புகள் ஒவ்வொரு ரிலீஸிலும் தாமாகத் தேறிக்கொள்ளும். கைவிடப்பட்ட திட்டத்தின் இணைப்புகள் கைவிடப்பட்ட நாளிலேயே நிற்கும்.

*

கட்டும் கணத்தில் வலையே இல்லாவிட்டால்? டெபியன் லினக்ஸில் ஒரு பொதியைக் கட்டும்போது வலையைத் தொடக் கூடாது என்பது விதி. அப்படியானால் பக்கத்துத் தளத்தின் பட்டியலை எப்படி இறக்குவது? பைத்தான் ஆவணமே ஒரு பொதியாக வட்டில் இருக்கும். அதன் பட்டியலை அங்கிருந்தே எடுக்கும்படி பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு திட்டத்தின் அமைப்புக் கோப்பையும் ஒட்டுப்போட்டுத் திருத்துகிறார்கள். சலிப்பான வேலை. பலன்: இணையமே இல்லாத கணினியிலும் ஒரு லைப்ரரியின் ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும்.

*

கோ மொழிக்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். அங்கே ஒரு பேக்கேஜை நிரலில் இறக்குமதி செய்யும் பெயரே கிட்டத்தட்ட வலை முகவரி. ஆவணம் எங்கே என்று தேட வேண்டாம். 2022-இல் 1.19 பதிப்பில், குறிப்புரையில் சதுர அடைப்புக்குள் பெயர் எழுதினால் இணைப்பாகும் வசதி வந்தது. ரஸ்டில் அதே வசதி 2020-இல், 1.48-இல் நிலைபெற்றது, வெளியிடும் பொதிகளின் ஆவணம் டாக்ஸ்.ஆர்எஸ் என்ற ஒரே இடத்தில் கட்டப்படுவதால் பக்கத்து வீட்டு முகவரியைத் தேடும் பிரச்சினையே பெரிதாக இல்லை. எல்லாரும் ஒரே தெருவில் குடியிருக்கச் சம்மதித்தால் வாழ்க்கை எளிது. பைத்தான்காரர்கள் ஆளுக்கொரு தெருவில் இருப்பவர்கள்.

இப்போது ஆப்ஜெக்ட்ஸ்.இன்வ் ஸ்பிங்க்ஸைத் தாண்டிவிட்டது. எம்கேடாக்ஸ் என்ற இன்னோர் ஆவணக் கருவியின் பக்கம் எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ் அதை எழுதுகிறது, படிக்கிறது. ஜூலியா மொழியின் டாக்குமென்டரும் எழுதுகிறது. யாரும் இதைத் தரமாக அறிவிக்கவில்லை, பயன்பட்டதால் பரவியது.

*

அதிகமாக இணைப்பதும் ஒரு நோய். டைப் குறிப்புகளைத் தானாகப் படிக்கும் வசதி வந்ததும் ஒவ்வொரு இன்ட்டும் ஒவ்வொரு ஸ்டிரிங்கும் நீலமாகிறது. முழு எண் என்றால் என்ன என்று தெரியாதவர் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்க மாட்டார். எதையெல்லாம் சொடுக்க முடியுமோ அதையெல்லாம் முக்கியம் என்று கண் எடுத்துக்கொள்ளும்; பக்கம் முழுக்க நீலமானால் எது முக்கியம் என்று தெரியாது. இன்னும் மோசம், விளக்க வேண்டிய இடத்தில் இணைப்பைப் போட்டுவிட்டு நகர்வது. இரண்டு வரியில் சொல்ல முடிந்ததை அடுத்த தளத்துக்கு அனுப்பிப் படிக்கச் சொல்வது சோம்பேறித்தனம்.

*

வலையின் இணைப்பு ஒருவழி. 1960-இல் ஸானடு என்ற கனவைத் தொடங்கிய டெட் நெல்சன் இருவழி இணைப்பு வேண்டும் என்றார். சுட்டப்படுகிறவருக்கும் தன்னைச் சுட்டுவது யார் என்று தெரிய வேண்டும். வலை அதை விட்டுவிட்டதால்தான் இவ்வளவு வேகமாக வளர்ந்தது. விலை என்னவென்றால், ஒரு லேபிளை மாற்றும்போது யாருடைய பக்கம் உடையும் என்று மாற்றுகிறவருக்குத் தெரியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: ஸ்பிங்க்ஸ் ஆவணத்தில் தலைப்புக்கு மேல் எழுதும் எல்லா லேபிளும் பட்டியலில் ஏறும். உள் உபயோகத்துக்கு என்று அவசரத்தில் வைத்த பெயரும் ஏறும். எழுத்துப்பிழையோடு வைத்ததும் ஏறும். வெளியிட்ட மறுநாளிலிருந்து யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பட்டியலைப் படிக்க ஸ்பிங்க்ஸிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. இன்டர்ஸ்பிங்க்ஸ் மாட்யூலை நேரடியாக ஓட்டி முகவரியைக் கொடுத்தால் பெயர்களை வரிசையாக அச்சிடும். சொந்தத் திட்டத்தின் பட்டியலை அப்படி எடுத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு பெயர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று தெரியும்.

பழைய லேபிளை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அழிக்கத் தேவையில்லை. ஒரே தலைப்புக்கு மேல் இரண்டு லேபிள்கள் வைக்கலாம். புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிடலாம். மூல நிரலில் ஒரு வரி கூடும். ஏன் இரண்டு என்று பிற்பாடு யாராவது கேட்பார்கள், பக்கத்தில் ஒரு குறிப்புரை எழுதி வைக்க வேண்டும்.